புஸ்டரின் எலும்பும் எகிப்துத் தேரும்

டிலக்ஷிக்கு இரண்டு வகைக் கோபம் உண்டு. சின்னக் கோபம் வந்தால் டேனிஷில் கத்துவாள். பெரிய கோபம் வந்தால் வாயில் தமிழ் மட்டும்தான் வரும். "டேனிஷில ஏசினால் இந்தக் கோவத்துக்குக் காணாது அம்மா" என்பாள்.

அந்தக் கிழமை முழுவதும் அவள் வாயில் தமிழ்தான். ஆனால் அவசரப்பட்டு அவளைக் குற்றம் சொல்லாதீர்கள். நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

டிலக்ஷிக்குப் பத்து வயது. டென்மார்க்கில் கிரின்ஸ்டெட் என்ற சின்ன ஊரில் நான்காம் வகுப்புப் படிக்கிறாள். நவம்பர் மாதம் அவளுடைய வகுப்பில் 'எகிப்து வாரம்' வந்தது. ஆசிரியை ஹன்னே பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராகப் பிரித்தார். ஒரு சோடிக்குப் பிரமிட் கிடைத்தது. இன்னொரு சோடிக்கு மம்மி. டிலக்ஷிக்கும் மல்தேக்கும் கிடைத்தது பழைய எகிப்தியரின் ஆயுதங்கள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை கண்காட்சி. அப்பா அம்மாமார் எல்லோரும் வருவார்கள்" என்றார் ஹன்னே. "கூரான எதையும் கொண்டுவரக் கூடாது. மல்தே, உனக்குத்தான் சொல்கிறேன்."

"நான் இன்னும் வாயே திறக்கவில்லையே!" என்றான் மல்தே.

இருவரும் நூலகத்தில் ஒரு தடித்த புத்தகம் எடுத்தார்கள். மல்தே படங்களைப் பார்த்தான். டிலக்ஷி வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவளுடைய புருவம் நெரிந்தது.

எகிப்தியர் நெடுங்காலம் கால்நடையாகவே போருக்குப் போனார்களாம். கையில் கல்லுத் தலை வைத்த கதாயுதம், செப்புக் கோடரி, ஒரே தடியில் வளைத்த வில். பிறகு கிழக்கிலிருந்து ஹிக்சோஸ் என்ற மக்கள் வந்து நாட்டின் வடக்கை ஆண்டார்களாம். அந்தக் காலத்தில்தான் குதிரை பூட்டிய தேர் எகிப்துக்கு வந்தது. மரம், கொம்பு, தசைநார் மூன்றையும் ஒட்டிச் செய்த பலமான வில்லும் கிழக்கிலிருந்துதான் வந்தது. அரிவாள்போல வளைந்த வாளும் அப்படித்தான்.

எகிப்தியர் எல்லாவற்றையும் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். தேரை இன்னும் இலேசாக்கினார்கள். பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? அதே தேரில் ஏறி, அந்த ஹிக்சோஸ் மக்களையே நாட்டைவிட்டுத் துரத்தினார்கள்!

அடுத்த பக்கத்தில் ஒரு கோயில் சுவர். அதில் எகிப்து அரசர் தேரில் நின்று வில்லை வளைத்துக்கொண்டிருந்தார். படம் சுவர் அளவுக்குப் பெரியது.

"அநியாயம்!" என்று கத்தினாள் டிலக்ஷி.

நூலகத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மல்தேக்கு அந்தத் தமிழ்ச் சொல் நன்றாகத் தெரியும். முதலாம் வகுப்பிலிருந்து அவளுக்குப் பக்கத்தில் இருப்பவன் அல்லவா?

"யாருக்கு அநியாயம்?" என்று கேட்டான்.

"ஹிக்சோசுக்கு! பழகினது அவர்களிடம். சுவரில் மட்டும் தங்கள் படம். எங்கேயாவது ஒரு நன்றி எழுதியிருக்கிறதா பார்!"

மல்தே புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தான். "இல்லை" என்றான். "ஆனால் அது மூவாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தியது."

"அதனால் என்ன? மூவாயிரத்து ஐந்நூறு வருடமாக அநியாயம்!"

கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மல்தே கடதாசி அட்டையில் வில்லும் கோடரியும் கதாயுதமும் செய்வான். டிலக்ஷி தேர் செய்வாள். டேனிஷில் அதற்கு 'ஸ்ட்ரீட்ஸ்வோன்' என்று பெயர். சண்டை வண்டி என்று அர்த்தம்.

கோளாறு அந்தப் பெயரில்தான் தொடங்கியது. வீட்டுக்கு வந்த டிலக்ஷி, அதைத் தமிழில் சொன்னாள்.

"அப்பா, பள்ளிக்கூடத்துக்கு எனக்கு ஒரு தேர் செய்யவேணும். சட்டத்துக்கு மட்டும் கொஞ்சம் மரம் வெட்டித் தாறீங்களோ?"

அப்பாவின் பெயர் கோணேசன். பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை. ஒவ்வொரு கோடையிலும் கோயில் தேர்த் திருவிழாவுக்கு லீவு எடுப்பவர். தேர் திரும்பும்போது சக்கரம் உருண்டுவிடாமல் சில்லுக்கு அடியில் கட்டை போடுவது அவருடைய பொறுப்பு. அந்தப் பொறுப்பைப் பற்றி யாராவது கேட்டால் அரை மணித்தியாலம் கதைப்பார். யாரும் கேட்காவிட்டாலும் கதைப்பார்.

'தேர்' என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பாவின் முகம் மலர்ந்தது. அதற்குப் பிறகு டிலக்ஷி சொன்ன 'எகிப்து', 'சண்டை', 'இரண்டு சில்லு' எதுவும் அந்தக் காதுக்குள் போகவில்லை.

"நீ ஒண்டுக்கும் யோசியாதை பிள்ளை. அப்பா இருக்கிறன்" என்றார்.

சனிக்கிழமை முழுவதும் கராஜுக்குள் டொக்கு டொக்கு என்று சத்தம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் சத்தம். பின்னேரம் அப்பா கதவைத் திறந்து, "இப்ப வா பிள்ளை" என்று கூப்பிட்டார்.

டிலக்ஷி வந்தாள், பார்த்தாள், அப்படியே நின்றாள்.

நடுவில் ஒரு தேர் நின்றது. அவளுடைய நெஞ்சு உயரம். நான்கு மரச் சில்லுகள். மேலே மெல்லிய மரச் சட்டங்களை வளைத்துக் கூடாரம் கட்டி, சிவப்பும் வெள்ளையுமாகத் துணி போர்த்தியிருந்தது. உச்சியில் தங்க நிறக் கடதாசியில் ஒரு கலசம். முன்னால் இரண்டு வடக்கயிறு. இரண்டு பக்கமும் பச்சைக் கடதாசியில் வாழைமரம் வேறு.

"எப்பிடி?" என்றார் அப்பா. அவருடைய இடது கைப் பெருவிரலில் ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. "அந்த மேல் வளைவு நாலும் இருக்குதே, சுடுதண்ணியில ஊறப்போட்டுப் போட்டு வளைச்சனான். எத்தினை தரம் முறிஞ்சது தெரியுமே?"

"அப்பா!" என்றாள் டிலக்ஷி. "இது கோயில் தேர்!"

"ஓம், தேர்தானே கேட்டனீ?"

"நான் கேட்டது எகிப்துத் தேர்! சண்டைத் தேர்! ரெண்டு சில்லுதான் இருக்கும். அதை ஒரு ஆள் தனியத் தூக்கலாமாம். குதிரையோட பறக்குமாம். இதிலை ஏறிச் சண்டைக்குப் போனால், எதிரி சாப்பிட்டு, நித்திரை கொண்டு, எழும்பி, பல்லுத் தீட்டிப் போட்டு வருவான். அப்பவும் இது வாசலிலதான் நிக்கும்!"

அப்பா தேரைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"கலசம் வைக்கேக்குள்ள எனக்கும் ஒரு சந்தேகம் வந்ததுதான்" என்றார் மெதுவாக.

டிலக்ஷி கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனாள். அப்பா வடக்கயிற்றைச் சுருட்டித் தேருக்குள் வைத்தார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் டிலக்ஷி மேசையில் தலையை வைத்துக்கொண்டிருந்தாள். "சில்லுதான் பிரச்சினை" என்றாள் மல்தேயிடம். "மரத்தை வட்டமாக வளைக்கவேண்டும். ஆறு ஆரக்கால் வைக்கவேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஈரத் தோலால் இறுக்கிக் கட்டுவார்களாம். தோல் காயக் காய இறுகிப் பிடிக்குமாம். பச்சைத் தோலுக்கு நான் எங்கே போவேன்?"

"புஸ்டரின் எலும்பு" என்றான் மல்தே.

புஸ்டர் மல்தேயின் நாய். உடம்பு கொழுத்தது, கால் குட்டை.

"நாய்க்குக் கடையில் வாங்குவோமே, வெள்ளையாக, முடிச்சுப் போட்டது? பெயர்தான் எலும்பு. உண்மையில் மாட்டுத்தோல். ஒருநாள் புஸ்டர் அதைத் தண்ணீர்க் கோப்பைக்குள் போட்டுவிட்டான். ஊறி, பாய்போல விரிந்துவிட்டது. பிறகு ரேடியேட்டரில் கொண்டுபோய் வைத்தான். காய்ந்து அப்படியே பிடித்துக்கொண்டது. அப்பா ஸ்குரூடிரைவரால் கிளப்பி எடுத்தார்."

டிலக்ஷி துள்ளி எழுந்தாள். "மல்தே, இரண்டு எலும்பு தருவாயா? பெரியதாக?"

"புஸ்டரைக் கேட்கவேண்டும்" என்றான் மல்தே. ஆனால் பள்ளிக்கூடம் விட்டதும், புஸ்டரைக் கேட்காமலே இரண்டு எலும்பு கொண்டுவந்து கொடுத்தான்.

அன்று அப்பாவுக்கு ஓவர்டைம். டிலக்ஷி ஒரு வாளியில் சுடுதண்ணீர் நிரப்பி எலும்புகளை ஊறப்போட்டாள். பிறகு கராஜுக்குப் போனாள். அப்பாவின் தேர் அங்கே நின்றது. மேலே அந்த நான்கு வளைவுகள். ஒவ்வொன்றும் அளவான அரை வட்டம். இரண்டைச் சேர்த்தால் ஒரு முழு வட்டம். நான்கைச் சேர்த்தால் இரண்டு சில்லு!

துணியை இழுத்தாள். ஆணிகளைக் கழற்றினாள். நான்கு வளைவுகளையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

வேலை முடிந்து வந்த அம்மா கஜந்தி, குளியலறைக் கதவைத் திறந்து மூக்கைப் பொத்தினார்.

"என்னடி இது நாத்தம்? வாளிக்குள்ள என்ன?"

"தோல் அம்மா. எகிப்துக்கு."

"என்ன தோல்?"

டிலக்ஷி குரலைத் தாழ்த்தினாள். "மாட்டுத்தோல்."

"ஐயோ! நான் கந்தசஷ்டி விரதம்! சாமிக்குப் பூ வைக்கிற வாளியிலயோ மாட்டுத்தோலை ஊறப்போட்டனீ?" அம்மாவின் தமிழ்க் கோபத்தை எழுத இந்தப் பக்கம் போதாது. அதனால் விட்டுவிடுகிறேன். வாளி அன்றைக்கே கராஜுக்குப் போனது. சாமிக்குப் புது வாளி வந்தது.

ஆனால் சில்லு? ஆகா! டிலக்ஷி தோலை நாடா நாடாக வெட்டி, வளைவுகளையும் மெல்லிய தடிகளில் வெட்டிய ஆரக்கால்களையும் சேர்த்து இறுக்கிச் சுற்றினாள். மேசை விளிம்பில் வைத்து இழுத்தாள், பல்லால் கடித்தும் இழுத்தாள். திங்கட்கிழமை பின்னேரம் ஒன்று, செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஒன்று. இரண்டும் ரேடியேட்டருக்கு மேலே காய்ந்தன. புதன்கிழமை காலையில் தட்டிப் பார்த்தாள். கல்லுமாதிரி இறுகியிருந்தன. உருட்டிவிட்டாள். ஒரு சில்லு கூடத்திலிருந்து குசினிவரை நேராக ஓடி, அம்மாவின் காலில் முட்டி நின்றது.

"நானே செய்தனான்!" என்றாள் டிலக்ஷி.

புதன்கிழமை காலை சில்லுகளை வகுப்பு மேசையில் வைத்தாள். ஆனால் அன்று பார்த்து அவளுக்குப் பல் வைத்தியரிடம் போகவேண்டியிருந்தது. கடைவாய்ப் பல்லை அடைத்துவிட்டு, பாதி வாய் மரத்த நிலையில் திரும்பி வந்தாள்.

வகுப்புச் சுவரில் புதிதாக ஒரு படம் ஒட்டியிருந்தது. மல்தே சில்லைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டு நின்றான். கீழே ஹன்னேயின் கையெழுத்தில் எழுதியிருந்தது:

'மல்தேயின் அருமையான சில்லு! நாய் எலும்பில் செய்தது!'

டிலக்ஷி அதை ஒருமுறை வாசித்தாள். இன்னொருமுறை வாசித்தாள். வாயைத் திறந்தாள்.

"அழியாயம்!" என்று வந்தது. கூடவே கொஞ்சம் எச்சிலும் வந்தது.

"என்ன?" என்றார் ஹன்னே.

"அழு எழ்ழை ழில்லு!" அது என் சில்லு என்று சொல்லப் பார்த்தாள்.

"பாவம், வாய் மரத்துவிட்டதா? நீ வீட்டுக்குப் போய் ஓய்வெடு கண்ணு" என்று ஹன்னே அவளுடைய தோளைத் தட்டினார்.

இதைவிட ஒரு கொடுமை உண்டா, சொல்லுங்கள்? உங்கள் பொருளை இன்னொருவர் பெயரில் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நீங்கள் நியாயம் கேட்கிறீர்கள். அவர்களோ உங்கள் பல்லுக்காகப் பாவப்படுகிறார்கள்!

டிலக்ஷி மழைக்குள் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அழுகை வந்தது. ஒரு கன்னத்தில் கண்ணீர் வழிவது தெரிந்தது. மற்றக் கன்னத்தில் தெரியவில்லை. அதற்கும் கோபம் வந்தது.

வீட்டில் அம்மாவின் கைத்தொலைபேசி சிணுங்கியது. பள்ளிக்கூடச் செயலியில் அதே படம்.

"இதென்ன, உன்ரை சில்லையெல்லே அந்தப் பெடியன் வைச்சிருக்கிறான்?" என்றார் அம்மா.

"பாத்தீங்களே! ஊர் முழுக்கப் போயிட்டுது!" வாய் இப்போது கொஞ்சம் வழிக்கு வந்திருந்தது. "நான் ரெண்டு பின்னேரம் கட்டினனான். பல்லால இழுத்தனான். அந்தப் பல்லைத்தான் இண்டைக்கு அடைச்சவை! நான் விடமாட்டன். கடிதம் எழுதப்போறன்."

எழுதத் தொடங்கினாள். ஹன்னேக்குத் தமிழ் தெரியாது. டேனிஷில்தான் எழுதவேண்டும். 'அநியாயம்' என்பதற்கு டேனிஷில் ஒரு சொல் இருக்கிறது. ஆனால் அது நீளமான சொல். கோபத்தில் சொன்னால் நடுவில் மூச்சு வாங்கும். பரவாயில்லை என்று ஐந்து முறை எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் அடியில் கோடு போட்டாள்.

'அன்புள்ள ஹன்னே, அந்தச் சில்லை நான் செய்தேன். நான் மட்டும் செய்தேன். நீங்கள் எகிப்தியரைப்போல நடந்துகொண்டீர்கள். என்னிடம் ஆதாரம் இருக்கிறது.'

ஆதாரம் என்று எழுதியபிறகுதான் ஆதாரம் வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. வெட்டி எறிந்த தோல் துண்டுகள் கராஜில் இருந்த வாளிக்குள் கிடந்தன. அவற்றை எடுக்கக் கராஜுக்குப் போனாள்.

உள்ளே வெளிச்சம் எரிந்தது. அப்பா வேலை உடுப்போடு ஒரு கதிரையில் இருந்தார். அவருக்கு முன்னால் தேர். மேல்கூடு இல்லாமல், இறகு பிடுங்கிய கோழிபோல நின்றது. சிவப்பு வெள்ளைத் துணி ஒரு பக்கம் தொங்கியது. கலசம் நிலத்தில் கிடந்தது. அப்பா ஒரு புதுச் சட்டத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது 'டக்' என்று முறிந்தது.

டிலக்ஷியின் கை தானாகவே கடிதத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனது.

"அப்பா... நான்தான் எடுத்தனான். வளைவை."

"தெரியும் பிள்ளை."

"எப்ப தெரியும்?"

"திங்கட்கிழமையே தெரியும். வேலையால வந்து பாத்தன். தேர் மொட்டையா நிண்டது."

"உங்களுக்குக் கோவம் வரேல்லையோ?"

அப்பா முறிந்த சட்டத்தை உருட்டியபடி யோசித்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது.

"வந்தது" என்றார். "நல்லா வந்தது. ரெண்டு நாள் மினைக்கெட்டனான், பெருவிரலையும் வெட்டிப்போட்டன். பிறகு ரேடியேட்டருக்கு மேல உன்ரை சில்லைப் பாத்தன். வடிவா இருந்தது. என்ரை வளைவும் அதுக்குள்ள வடிவா இருந்தது. ஆனால் பிள்ளை, என்னைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நானே கழட்டித் தந்திருப்பன்."

டிலக்ஷி குனிந்து, நிலத்தில் கிடந்த கலசத்தை எடுத்து வைத்தாள்.

முதுகுக்குப் பின்னால் இருந்த கடிதத்தில் 'நான் மட்டும் செய்தேன்' என்று இருந்தது. அந்த மரத்தை வளைத்தது யார்? தோல் இறுகும், எலும்பை ஊறப்போடு என்று வழி காட்டியது யார்? யாருடைய எலும்பு அது?

"ஐயோ அப்பா!" என்றாள். "நான்தான் எகிப்து!"

"என்னது?"

"நான்தான் எகிப்து அப்பா! எல்லாத்தையும் ஆக்களிட்டை எடுத்துப்போட்டு, சுவரிலை என்ரை படம் மட்டும் வேணும் எண்டு நிக்கிறன்!"

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டிலக்ஷி ஹிக்சோஸ் கதையை முதலிலிருந்து சொன்னாள். இந்தமுறை அப்பா கவனமாகக் கேட்டார். முடிவில் அவருக்கே கோபம் வந்துவிட்டது.

"தேரைக் காட்டிக் குடுத்தவையைத் துரத்திப்போட்டினமோ? அநியாயமெல்லே!"

"அதைத்தானே நானும் சொல்லுறன்!"

இருவரும் சேர்ந்து எகிப்தியரைக் கொஞ்ச நேரம் ஏசினார்கள். மனதுக்குச் சுகமாக இருந்தது. பிறகு டிலக்ஷி கேட்டாள், "அப்பா, இப்ப கேக்கலாமோ? அந்த நாலு வளைவையும் எனக்குத் தாறீங்களோ?"

"தாறன். ஓம்" என்றார் அப்பா.

"இன்னொண்டு. உங்கட தேரையும் வெள்ளிக்கிழமை கொண்டுவாறீங்களோ? கோயில் தேரையும் சண்டைத் தேரையும் பக்கத்தில பக்கத்தில வைச்சால்தான் எது ஓடும், எது உலாப் போகும் எண்டு எல்லாருக்கும் விளங்கும்."

அப்பா கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். "அப்ப கூடு வேணுமே! பொறு, தோட்டத்துத் தண்ணிக் குழாய் ஒண்டு கிடக்கு. நீலக் குழாய். அது வளையும்!"

வியாழக்கிழமை காலையில் டிலக்ஷி கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, நேரே மல்தேயிடம் போனாள். கோபம் முழுவதும் போய்விடவில்லை. பாதி மிச்சம் இருந்தது.

"நீ ஏன் உன்னுடைய சில்லு என்று சொன்னாய்?"

மல்தேயின் முகம் சிவந்தது. "நான் சொல்லவே இல்லை! தோல் யாருடையது என்று ஹன்னே கேட்டார். புஸ்டருடையது, நான் கொண்டுவந்தேன் என்றேன். உடனே படம் எடுத்துவிட்டார். நானும் கோபமாகத்தான் இருக்கிறேன். புஸ்டருடைய பெயரை அவர் எழுதவே இல்லை!"

"புஸ்டருடைய பெயரா?"

"அவனுடைய பிறந்தநாள் எலும்பு இரண்டு. இரண்டும் போய்விட்டது. திங்கட்கிழமையிலிருந்து அலுமாரிக்கு முன்னால் போய் இருந்து அலுமாரியையே பார்க்கிறான். உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

டிலக்ஷிக்கு மிச்சக் கோபமும் போய்விட்டது. இருவரும் சேர்ந்து ஹன்னேயிடம் போய் நடந்ததைச் சொன்னார்கள். ஹன்னே கன்னத்தில் கை வைத்தார். "நான் இரண்டு பேரையும் கேட்டிருக்கவேண்டும்" என்று சொல்லி, உடனே சுவரிலிருந்து அந்தப் படத்தைக் கழற்றினார். "நீங்களே பெயர்ப்பலகை எழுதுங்கள். செயலியிலும் அதையே போடுகிறேன்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் வகுப்பறை நிறையப் பெற்றோர். கோப்பி வாசம், இனிப்புப் பாண் வாசம். அப்பா காரிலிருந்து தேரை இறக்கி, வடக்கயிற்றைப் பிடித்து மெதுவாக இழுத்து வந்தார். நீலக் குழாய் வளைவுக்கு மேல் சிவப்பு வெள்ளைத் துணி எடுப்பாக நின்றது. மம்மி செய்த பிள்ளைகள்கூட மம்மியை விட்டுவிட்டு வடம் பிடிக்க ஓடிவந்தார்கள். கதவடியில் தேர் திரும்பும்போது அப்பா குனிந்து சில்லுக்குக் கட்டை போட்டார். பிறகு ஏன் கட்டை போடவேண்டும் என்று ஹன்னேக்கு விளக்கத் தொடங்கினார். அரை மணித்தியாலம் போனது.

பக்கத்து மேசையில், டிலக்ஷி அட்டையில் உடல் செய்து பூட்டிய சண்டைத் தேர். இரண்டே சில்லு. டிலக்ஷி அதை ஒரு கையால் தூக்கிக் காட்டினாள். அதைச் சுற்றி மல்தே செய்த வில்லும் கோடரியும் கதாயுதமும். முன்னால் டேனிஷிலும் தமிழிலும் எழுதிய ஒரு பெயர்ப்பலகை.

'எகிப்துத் தேரின் சில்லு.
வளைந்த மரம்: கோணேசன். முதலில் கேட்காமல் எடுத்தது. பிறகு கேட்டது.
வழி சொன்னவன்: மல்தே.
தோல்: புஸ்டர்.
கட்டியவள்: டிலக்ஷி.
எகிப்துக்குத் தேரைக் கொண்டுவந்தவர்கள்: ஹிக்சோஸ். மிக்க நன்றி. கொஞ்சம் பிந்திவிட்டது.'

அப்பா தமிழை வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "கேக்காமல் எடுத்தது எண்டு ஊருக்கெல்லாம் தெரியவேணுமே பிள்ளை?"

"ஓம். தெரியத்தான் வேணும்" என்றாள் டிலக்ஷி.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மல்தேயின் அம்மா உள்ளே வந்தார். அவருக்கு முன்னால், கழுத்து வாரை இழுத்துக்கொண்டு, புஸ்டர்.

"பெயர்ப்பலகையில் இவனுடைய பெயர் இருக்கிறது என்று மல்தே சொன்னான். பார்க்கட்டுமே என்று கூட்டிவந்தேன்" என்றார் அவர்.

புஸ்டர் பெயர்ப்பலகையைப் பார்க்கவில்லை. மூக்கை உயர்த்தி ஒருமுறை மோந்தான். இன்னொருமுறை மோந்தான். ஐந்து நாளாக அலுமாரிக்கு முன்னால் காத்திருந்தவன் அல்லவா! ஒரே பாய்ச்சல். வார் மல்தேயின் அம்மாவின் கையிலிருந்து நழுவியது. குட்டைக் கால்கள் கதிரை வழியாக மேசையில் ஏறின. இடதுபக்கச் சில்லு அவனுடைய வாய்க்குள் போனது. அடுத்த நொடி சில்லோடு மேசைக்கு அடியில் படுத்துவிட்டான்.

கறுக், முறுக் என்று சத்தம் கேட்டது.

சண்டைத் தேர் ஒரு பக்கம் சாய்ந்தது. ஹன்னே வாயைப் பொத்தினார். மல்தே கண்ணை இறுக மூடிக்கொண்டான். எல்லோரும் டிலக்ஷியைப் பார்த்தார்கள். இப்போது அந்தத் தமிழ்ச் சொல் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

டிலக்ஷி வாயைத் திறந்தாள். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். புஸ்டர் இரண்டு கால்களாலும் சில்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவளை நேரே பார்த்தான். அவனுடைய பார்வையிலும் கொஞ்சம் கோபம் இருந்தது.

டிலக்ஷி வாயை மூடினாள். எழுந்தாள். மல்தேயின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுக்கக் கை நீட்டியவள், "எடுக்கலாமா?" என்று கேட்டாள்.

"எ... எடு" என்றான் மல்தே.

அவள் பெயர்ப்பலகையில் 'தோல்: புஸ்டர்' என்ற வரியைத் தேடிப் பிடித்து, அதற்குப் பக்கத்தில் எழுதினாள்:

'பாதி திருப்பிக் கொடுத்தாயிற்று.'